மூன்றாம் தாளும் பத்தாம் தாளும்

விஸ்தின் பஜாடாவுக்கு வயிறு சரியில்லை என்பது ஆவணங்கள் எழுதும் எங்கள் கச்சேரியில் எல்லோருக்கும் தெரியும். மற்றவர்கள் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போகிற விஷயங்கள் அவனுக்குக் குமட்டும். கச்சேரித் தலைவர் தொன் ஃபிலிபெர்த்தோ பக்கம் திருப்பக் கட்டைவிரலை நக்குவார். அந்த விரலில் எப்போதும் மூக்குப்பொடி ஒட்டியிருக்கும். அது தாளின் கீழ் மூலையில் பழுப்பாக இறங்கும். விஸ்தின் அந்த மூலையைத் தொடமாட்டான். மேல் மூலையைப் பிடித்துத்தான் திருப்புவான். கொள்ளைநோய்த் துறைமுகங்களிலிருந்து வரும் கடிதங்களைக் காடியில் முக்கி, புகை போட்டு அனுப்புவார்கள். அவை வந்து சேர்கிற நாளில் அவன் மதியம் சாப்பிடுவதில்லை.

நான் கிரெட்ஸ்யு, புத்தகம் கட்டுபவன். வல்லெட்டாவில் கச்சேரிக்கு நேர் கீழே, தெருவைப் பார்த்த ஒற்றை அறையில் என் மேடை. மேலே எழுதிக் குவிப்பதையெல்லாம் தைத்து, பசை போட்டு, தோல் போர்த்தி மறுபடி மேலே அனுப்புவது என் வேலை. விஸ்தின் என் அறைக்குள் வரமாட்டான். வாசலில் நின்று, கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் பேசுவான்.

"உன் பசையில செத்த ஆட்டு வீச்சம் அடிக்குது."

"செத்த ஆடுதான் விஸ்தின். உசுரோட இருக்கிற ஆட்டுல பசை வராது."

எங்கள் தீவை ஆண்டது ஒரு சபை. கறுப்பு அங்கியில் வெள்ளைச் சிலுவை போட்ட வீரத் துறவிகள். மணம் செய்துகொள்வதில்லை, சொத்து வைத்துக்கொள்வதில்லை, கீழ்ப்படிந்து நடப்பது என்று மூன்று சத்தியம் செய்துவிட்டு, மாளிகையில் ஆட்களும் அடிமைகளும் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். எல்லோரும் வெளிநாட்டுப் பிரபு வீட்டுப் பிள்ளைகள். எங்களில் ஒருவன் அந்தச் சிலுவையைப் போட முடியாது. ஆனால் எங்களில் ஒருவன் இல்லாமல் அவர்களால் ஒரு வரி எழுதி வைக்கவும் முடியாது. அவர்களுக்கோ எழுதி வைக்காமல் தூக்கம் வராது. மருத்துவமனையில் எத்தனை போர்வை, எந்தக் கப்பலில் எத்தனை துடுப்பு, எந்தப் பிரபுவின் கொள்ளுப்பாட்டி யாருடைய மகள், எல்லாம் புத்தகத்தில் இருக்கும். புத்தகத்தில் இருந்தால் அது நடந்தது. இல்லாவிட்டால் நடக்கவில்லை.

விஸ்தின் மரக்கலங்களுக்குக் கீல் பூசுகிறவர் மகன். துறைமுகத்துக்கு அக்கரையில், போர்ம்லாவில் பிறந்தவன். பள்ளிக்கூடம் போனதில்லை. கோயில் எழுத்தர் வீசியெறிந்த தாள்களைப் பொறுக்கிவந்து எழுத்துப் பழகினான். பத்தொன்பது வயதில் கச்சேரியில் வேலை கேட்டு நின்றபோது, அவனுக்கு ஒரு சொல்கூடத் தெரியாத லத்தீனில் ஒரு பக்கம் கொடுத்து நகல் எடுக்கச் சொன்னார்கள். மூலத்தை எழுதியவர் ஒரு சொல்லைத் தவறுதலாக இரண்டு முறை எழுதியிருந்தார். விஸ்தினும் இரண்டு முறை எழுதினான். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், "இந்த ஆளை விட்டுடாதீங்க" என்றார்.

அதுவே அவனுடைய தொழிலாகிப்போனது. லத்தீன் பிற்பாடு கற்றுக்கொண்டான். கற்ற பிறகும் பிறர் தப்பைத் திருத்தியதில்லை. "அவங்க எழுதினதை நான் எழுதுறேன். சரியா தப்பான்னு சொல்ல என்னை வைக்கல" என்பான். இருபத்து நான்கு வருஷம் ஒரு எழுத்தைக்கூட அவன் கூட்டியதில்லை, குறைத்ததில்லை. இதை நான் நண்பன் என்பதற்காகச் சொல்லவில்லை. அவன் எழுதியதையெல்லாம் தைத்தவன் என்பதால் சொல்கிறேன்.

அவனுக்கு முப்பத்தொரு வயது நடந்தபோது ஒரு கொலை நடந்தது. சபையைச் சேர்ந்த எத்தியேன் த மொர்வால் என்ற பிரபுவின் வீட்டில் துணி வெளுக்கப் போய்க்கொண்டிருந்தாள் பெத்ருனில்லா. கல்லுடைக்கிறவர் மகள், பதினெட்டு வயது. ஒரு காலையில் அந்த வீட்டு மாடியிலிருந்து தெருவில் விழுந்து செத்தாள். வெள்ளிக் கரண்டியைத் திருடிக்கொண்டு ஓடும்போது தவறி விழுந்தாள் என்றார் மொர்வால். கரண்டியும் அவள் மடியில்தான் இருந்தது.

அந்த வீட்டுச் சமையற்காரி மஸூதா. ஜெர்பாத் தீவுக்காரி. கடலில் பிடிபட்டு விற்கப்பட்ட அடிமை. அவள் சபையின் மன்றத்துக்கு முன்னால் நின்று தான் பார்த்ததைச் சொன்னாள். பிரபு பெண்ணை இழுத்தார். அவள் அவர் விரலைக் கடித்தாள். அவர் அவளைத் தூக்கி எறிந்தார். பிறகு கரண்டியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். "விரலைக் காட்டச் சொல்லுங்க" என்றாள். காட்டச் சொன்னார்கள். பல் பதிந்த தடம் இன்னும் ஆறாமல் இருந்தது.

மொர்வாலின் அங்கியைக் கழற்றினார்கள். அப்படிக் கழற்றும்போது சொல்வதற்கென்று சபையிடம் ஒரு பழைய வாசகம் உண்டு. 'அழுகி நாறும் அங்கமாக உன்னை எங்கள் உடலிலிருந்து வெட்டி எறிகிறோம்.' விஸ்தின் அறையின் மூலையில் உட்கார்ந்து அதை எழுதினான். கச்சேரியில் தனக்கு வயிற்றைப் புரட்டாத ஒரே நாள் அதுதான் என்று பிற்பாடு சொன்னான்.

மொர்வாலைக் கோட்டையில் அடைத்து, பிறகு தீவை விட்டு அனுப்பிவிட்டார்கள். தீர்ப்புக்கு ஒன்பது நாள் கழித்து மன்றம் மஸூதாவை விடுவித்தது. 'முன்னாள் சகோதரர் மொர்வாலின் குற்றத்தை அஞ்சாமல் மெய்யாக உரைத்ததற்காக' என்று விஸ்தின் புத்தகத்தில் எழுதினான். அதையே ஒரு சீட்டில் எழுதி, முத்திரை போட்டு அவள் கையில் கொடுத்தான். அவள் ஞானஸ்நானம் பெற்று ஒரு படகுக்காரனைக் கட்டிக்கொண்டாள். ஒரு பெண் பிறந்தாள், கொஸ்தன்ஸா. படகுக்காரன் கடலோடு போய்விட்டான். மஸூதா துறைமுகப் படிக்கட்டின் தலைப்பில் அவித்த மொச்சை விற்றுப் பிழைத்தாள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, ஏதோ ஒரு நாட்டு ராணியிடமிருந்து சபைக்குக் கடிதம் வந்தது. மொர்வால் மனம் திருந்திவிட்டார், மன்னித்து ஏற்க வேண்டும். ஏற்றார்கள். அங்கி திரும்பக் கொடுக்கப்படும். அங்கியை இழந்த நாளில் அவருக்கு எது எது இருந்ததோ அது அது திரும்பக் கொடுக்கப்படும். நடந்தது நடவாததாகக் கொள்ளப்படும்.

ஒரு காலை தொன் ஃபிலிபெர்த்தோ கொலை நடந்த வருஷத்துப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தார். பின்னால் விஸ்தின், வாசலோடு நின்றுகொண்டான். தொன் கட்டைவிரலை நக்கி, சேர்த்துத் தைத்த ஒரு கட்டுத் தாளை விரித்தார்.

"இந்தத் தாளை எடுத்துடு."

"எந்தத் தாளு, தொன்?"

"மூணாவது. கத்தியை வெச்சு ஒரு இழு. அவ்வளவுதானே."

பார்த்தேன். மொர்வாலின் தீர்ப்பு. விஸ்தின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். மூடவில்லை.

"அப்படி எடுக்க முடியாதுங்க. தாளை ஒத்தை ஒத்தையா தைக்கிறதில்ல. பெருந்தாளை நடுவுல மடிச்சா ரெண்டு தாளு. ஆறு பெருந்தாளை ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகினா பன்னெண்டு. இந்த மூணாவதும் பத்தாவதும் ஒரே பெருந்தாளு. இதை வெட்டினா அது பிடிமானம் இல்லாம கழண்டு விழும். வெட்டின எடத்துல விரற்கடை அளவு நீட்டிக்கிட்டு நிக்கும். குருடன்கூடத் தடவிக் கண்டுபிடிச்சுடுவான்."

"அப்ப என்ன செய்யணும்?"

"தையலைப் பிரிச்சு முழுத் தாளையும் உருவணும். அதே மாதிரி பழைய தாளுல ரெண்டு பக்கமும் புதுசா எழுதி, அதே ஓட்டையில ஊசியை விட்டுத் தைக்கணும். செஞ்சா யாருக்கும் தெரியாது."

சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை இங்கே மறைக்கப்போவதில்லை. தொழில் தெரியாத ஒருவன் கத்தியை வைத்து இழுத்திருப்பான். பத்தாவது தாளைப் பசையால் ஒட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பான். அதை யாரும் படித்துக்கூடப் பார்த்திருக்கமாட்டார்கள்.

தொன் மறுபடி விரலை நக்கினார். பத்தாவது தாளுக்குப் போனார். படித்தார்.

"அட, இங்கயும் நம்ம பிரபு இருக்காரே. நல்லவேளை சொன்ன. இதையும் விட்டுட்டு எழுதிடு விஸ்தின்."

"அது ஒருத்தியோட விடுதலை, தொன்" என்றான் விஸ்தின்.

"அவகிட்ட சீட்டு இருக்குமே."

"இருக்கு. அதுலயும் இதே காரணம்தான். நான்தான் எழுதினேன்."

"அப்ப அதையும் வாங்கிட்டு வந்துடு."

"வாங்கிட்டா அவ யாரு?"

"பன்னெண்டு வருஷத்துக்கு முன்னால யாரோ, அவதான்." தொன் பொடியை மூக்கில் ஏற்றினார். "பிரபுவோட பொருள் பிரபுகிட்டப் போகணும்னு உத்தரவு. நான் போட்ட உத்தரவு இல்ல."

"அவளுக்கு ஒன்பது வயசுல பொண்ணு இருக்கு."

"அடிமை பெத்தது அடிமைதானேய்யா. உனக்குத் தெரியாத சட்டமா? நீதானே நகல் எடுத்த." அவர் தும்மினார், புத்தகத்தின் மேல்தான் தும்மினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிச்சுடுங்க."

அவர் போன பிறகு விஸ்தின் முதல் முறையாக என் அறைக்குள் வந்து உட்கார்ந்தான். கைக்குட்டையை மறந்துவிட்டான்.

"முடியாதுன்னு சொல்லிடு" என்றேன்.

"சொல்லலாம். என் பக்கத்து மேசைக்காரன் எழுதுவான். அவன் எழுதினா அவ பேரே இருக்காது." புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்துப் பத்தாவது தாளைப் பார்த்தபடி, "காரணத்தை மட்டும் மாத்தினா?" என்றான்.

"என்ன காரணம்?"

"அவரே விடுவிச்சார்னு."

"எவரு?"

"அவருதான்."

நான் ஊசியைக் கீழே வைத்தேன். அவன் என்னைப் பார்க்காமல், பாடம் ஒப்பிப்பதுபோலச் சொல்லிக்கொண்டே போனான். மொர்வால் பிரபு உடம்பு சரியில்லாமல் சொந்த ஊர் போகிறார். கப்பலேறும் முன் இரக்கப்பட்டு அடிமையை விடுவிக்கிறார். அப்படி எழுதினால் தொன்னுக்குப் பிடிக்கும், திரும்பி வருகிற பிரபுவுக்கு நீட்ட ஒரு பரிசு. பிரபுவும் தானே கொடுத்ததைத் திருப்பிக் கேட்க முடியாது.

"உனக்கு வாந்தி வரலையா?" என்றேன்.

"வருது" என்றான்.

மஸூதாவிடம் சொல்லாமல் எழுதக் கூடாது என்றான். இருவரும் படிக்கட்டுக்குப் போனோம். பானையைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணே, ரெண்டு பேரும் எழவு வீட்டுக்குப் போறவங்க மாதிரி வர்றீங்க. மொச்சை வேணுமா, துக்கம் விசாரிக்க வந்தீங்களா?"

விஸ்தின் சொன்னான். எதையும் மழுப்பவில்லை. அவள் முதலில் சிரித்தாள்.

"அவன் என்னை விடுவிச்சானா?"

"அப்படி எழுதினா நீ தப்பிச்சுக்கலாம். வேற வழி எனக்குத் தெரியல."

"பெத்ருனில்லா எப்படிச் செத்தான்னு எழுதுவீங்க?"

"அவ மூணாவது தாள்ல இருக்கா. அந்தத் தாளு போயிடும். புத்தகத்துல அவ சாகவே இல்ல."

"சாகலைன்னா எங்க இருக்கா? அவ அப்பன் வந்து கேட்டா காட்டுவீங்களா?"

அவள் அகப்பையை ஓங்கி உதறினாள்.

"பதினாறு பேரு உக்காந்திருந்தாங்க அண்ணே. எல்லாம் கறுப்பு அங்கி. நான் மூத்திரம் போயிட்டேன், நின்ன எடத்துலயே. கால் வழியா இறங்குது, நான் பேசிக்கிட்டே இருக்கேன். என் ஆயுசுல நான் செஞ்ச காரியம்னு சொன்னா அது ஒண்ணுதான். அதைத் தொடச்சுட்டு, அவன் எனக்குப் பிச்சை போட்டான்னு எழுதப்போறீங்க."

"வேண்டாம்னா எழுதல."

"எழுதலைன்னா அதே வீடா?"

"அதே வீடுதான். திருப்பிக் குடுக்கிறாங்க."

"மாடி?"

"இருக்கு."

பக்கத்தில் கொஸ்தன்ஸா தொலி உரித்துக்கொண்டிருந்தாள். மஸூதா அவளைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பினாள். அவள் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பேசினாள்.

"எழுதுங்க. எழுதுறதை நல்லா எழுதுங்க. ரொம்ப நல்லவன்னு எழுதுங்க. அரைகுறையா நல்லவன்னு எழுதினா, அவன் நம்பமாட்டான்."

ரவிக்கைக்குள்ளிருந்து சீட்டை எடுத்தாள். மெழுகுத்துணியில் சுற்றியிருந்தது. விஸ்தினிடம் கொடுக்கவில்லை, படியில் வைத்தாள். அவன் குனிந்து எடுத்தான்.

தொன்னுக்கு யோசனை மிகவும் பிடித்துவிட்டது. "'கிறிஸ்துவின் அன்பால் தூண்டப்பட்டு'ன்னு சேரு" என்றார். அடுத்த நாள் இறங்கி வந்து, "'கண்ணீரோடு' போடலாமா?" என்று கேட்டார். விஸ்தின் அதையும் போட்டான்.

எழுதாத பழைய தாள் என்னிடம் இருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அதே ஆலையின் நீர்க்குறி தெரிகிற மிச்சத் தாள்கள் எட்டு. மைதான் தொந்தரவு செய்தது. புது மை கறுப்பு. பன்னிரண்டு வருஷ மை பழுப்பு. மையில் தண்ணீரும் துருவும் கூட்டி, எழுதிய தாளை வெயிலில் காயவைத்துப் பார்த்தோம். மூன்று தாள் கெட்டது. மையை விடக் கஷ்டம் கையெழுத்து. அந்தப் புத்தகத்தை எழுதியது அவனே. ஆனால் முப்பத்தொரு வயதில் அவன் கை வேகமாக ஓடும், கோடுகள் மேல்நோக்கிச் சாயும். அந்த இளம் விஸ்தினைப் பழைய பக்கங்களில் எழுத்து எழுத்தாகப் பார்த்து, பழகி, கள்ளக் கையெழுத்துப் போட்டான்.

மூன்றாவது தாளில் தீர்ப்பு இருந்த இடம் பெரிது. எதையாவது போட்டு நிரப்ப வேண்டும். மொர்வாலின் உடல்நலக் குறைவுக்கு நான்கு வரி போதுமானதாக இருந்தது. மீதிக்குக் கப்பல் ரொட்டியில் புழு வைத்தது பற்றி ஒரு விசாரணையை இட்டுக்கட்டினான். எத்தனை மூட்டை, எந்தக் கிடங்கு, யார் பார்த்தது, எல்லாம் போட்டான். சபை எழுதுகிற மாதிரியே இருந்தது.

தைத்து முடித்த அன்று, உருவியெடுத்த பழைய தாளையும் மஸூதாவின் சீட்டையும் தொன் வாங்கிக்கொண்டார். காப்பிக்குத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்த கணப்பில் எங்கள் கண்ணெதிரே போட்டார். சீட்டின் முத்திரை மெழுகு உருகிப் பொங்கி நாறியது. தொன் அந்தக் கணப்பிலேயே காப்பி போட்டு இருவருக்கும் ஆளுக்கொரு கிண்ணம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல முடியாது. குடித்தோம். விஸ்தின் கீழே வந்து என் வாசற்படியில் வாந்தியெடுத்தான்.

மொர்வால் வசந்தத்தில் வந்தார். பருத்து, முன்பல் இரண்டு போய், வாசனைத் தைலம் மணக்க இறங்கினார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் படிகளில் அவர் நின்றபோது, தொன் முன்கூட்டியே சொல்லி வரவழைத்திருந்த மஸூதாவை அவர் முன் தள்ளினார்.

"யார் இது?" என்றார் மொர்வால். நடிப்பில்லை. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"நீங்க கப்பலேறும்போது அழுதுக்கிட்டே விடுவிச்சீங்களே பிரபு, அந்தப் பொம்பளை."

மொர்வால் புருவத்தைச் சுருக்கி யோசித்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. அதைப் பார்த்திருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

"ஆமா ஆமா. எனக்கு எப்பவும் இளகின மனசு. அதுதான் என்னைக் கெடுத்தது." கையை நீட்டினார். ஆள்காட்டி விரலின் நடுக்கணுவில் அந்தத் தடம் வெள்ளையாக இருந்தது. மஸூதா குனிந்து முத்தமிட்டாள். சுற்றியிருந்தவர்கள் ஆமோதித்து முனகினார்கள். ஒரு சீமாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதோடு முடிந்திருந்தால் விஸ்தின் அதையும் விழுங்கியிருப்பான்.

நான்கு வருஷம் கழித்து, கடற்கோட்டை ஒன்றின் தலைவர் பதவி காலியானது. மொர்வால் கேட்டார். கேட்கிறவர் தன் நற்குணத்துக்கு எழுத்தில் சான்று காட்ட வேண்டும் என்பது சபையின் வழக்கம். தொன் பத்தாவது தாளின் நகலை எடுத்துக் கொடுத்தார். எழுதியது விஸ்தின்.

மன்றத்தில் ஒரே ஒருவர் எழுந்தார். போர்த்துக்கீசியக் கிழவர், எண்பது வயதுக்கு மேல். பதினாறு பேரில் தீவில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் செத்தோ ஊர் திரும்பியோ போய்விட்டார்கள். "இந்த ஆளோட அங்கியைக் கழட்ட நான் வாக்குப் போட்டிருக்கேன். புத்தகத்தைக் கொண்டாங்க" என்றார். கொண்டுவந்தார்கள். தீர்ப்பு இல்லை. எழுதியவனையும் கட்டியவனையும் கூப்பிடச் சொன்னார்.

என்னை முதலில் கேட்டார்கள். தையல் யாருடையது? என்னுடையது. பிரித்த தடம் உண்டா? இல்லை. நற்செய்திப் புத்தகத்தின் மேல் கைவைத்துத்தான் சொன்னேன். பிரித்த தடம் இல்லைதான். என் வேலை அப்படி.

பிறகு விஸ்தின். கிழவர் தடியை ஊன்றி அவன் அருகே வந்தார். அவர் குரலில் கோபம் இல்லை.

"அந்த மூலையில உக்காந்து நீதான் எழுதின. எனக்கு உன்னை ஞாபகம் இருக்கு. தலைநிறைய முடி இருந்துச்சு உனக்கு அப்ப. ஒரு பொம்பளை வந்து நின்னு சொன்னா. எனக்கு அவ குரல்கூட ஞாபகம் இருக்கு. அந்தத் தாள் எங்கேப்பா?"

அந்தத் தீவில் அந்தக் கேள்வியைக் கேட்க முன்வந்த ஒரே மனிதர் அவர். விஸ்தின் ஒரு சொல் சொன்னால் போதும், மொர்வால் விழுவார். ஆனால் மன்றம் கொடுத்த விடுதலை கணப்பில் எரிந்துவிட்டது; மொர்வாலின் இரக்கமும் பொய்யென்றால் மஸூதாவின் விடுதலையும் பொய். கொஸ்தன்ஸாவுக்குப் பதின்மூன்று வயது. அவள் சுதந்திரமாக இருக்க வேண்டுமானால் அவர் நல்லவராகவே இருந்தாக வேண்டும். விஸ்தின் அவரை அப்படி எழுதி வைத்திருந்தான்.

"எழுதினது எதுவோ அதுதான் புத்தகத்துல இருக்கு, பிரபு."

"அப்ப நான் கனவு கண்டேனா?"

விஸ்தின் புத்தகத்தை மூடினான். "பிரபுவுக்கு வயசாயிடுச்சு" என்றான்.

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர். கிழவர் அவனையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு இளம் பிரபு எழுந்து வந்து அவரைக் கைத்தாங்கலாக நாற்காலிக்கு அழைத்துப் போனார். மொர்வாலுக்குக் கோட்டை கிடைத்தது.

வெளியே வந்ததும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "ஒண்ணும் சொல்லாதே" என்றான். அன்று அவன் வாந்தி எடுக்கவில்லை. அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. தொன் நக்கிய மூலையைக்கூடப் பிடித்துத் திருப்பினான். அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

கிழவர் விடவில்லை. மறுவாரம் கச்சேரிக்கு வந்து அந்தப் புத்தகத்தைக் கேட்டார். உறுப்பினர் கேட்டால் கொடுத்தாக வேண்டும். விஸ்தின் எடுத்துவந்து மேசையில் விரித்தான். அவர் கண்ணாடிவில்லையை வைத்துக்கொண்டு முதல் தாளிலிருந்து தொடங்கினார். அதற்கடுத்த வாரமும் வந்தார். ஒவ்வொரு செவ்வாயும் வந்தார். கை நடுங்க ஆரம்பித்ததும், பக்கம் திருப்பித் தரச் சொல்லி விஸ்தினைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். மூன்றாவது தாளில் நிறுத்துவார், படிப்பார், தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போவார். இரண்டு வருஷம் இப்படி நடந்தது.

கடைசியாக அவர் வந்த செவ்வாயன்று நானும் மேலே இருந்தேன். கிழிந்த அட்டை ஒன்றை அளவெடுத்துக்கொண்டிருந்தேன். கிழவர் மூன்றாவது தாளை வெகுநேரம் படித்தார். பிறகு வில்லையைக் கீழே வைத்துவிட்டு விஸ்தினின் முழங்கையைத் தொட்டார். முகத்தில் ஒரு நிம்மதி.

"ரொட்டில புழு" என்றார். "ஆமாப்பா. இப்பதான் ஞாபகம் வருது. வெள்ளை வெள்ளையா நெளிஞ்சுது. ஒரு பொம்பளைதான் வந்து சொன்னா, இல்ல?"

"ஆமாங்க பிரபு" என்றான் விஸ்தின். அடுத்த தாளைத் திருப்பிக் கொடுத்தான்.